பை பிடிக்கும் வேலைக்கு அம்மா ராஜினாமா: எஃப்டலிங் நாட்குறிப்பு

திங்கள் இரவு, ஐந்தோவன்

மணி ஒன்பதரை ஆகிறது, ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம். மே மாதத்தில் நெதர்லாந்தில் பொழுது இப்படித்தான். பிள்ளைகளைத் தூங்க வைப்பதே பெரும்பாடு, அதிலும் நாளைக்குப் போகிற இடம் எஃப்டலிங் தீம் பார்க் என்று தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எஃப்டலிங் என்ற பேர் நம் ஊரில் அவ்வளவாகத் தெரியாது. ஐரோப்பா டூர் பேக்கேஜ்களில் பாரிஸ் டிஸ்னிலேண்ட் வரும், அதோடு சரி. ஆனால் இந்த நாட்டில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் எஃப்டலிங் போயிருக்கும், அதன் பாட்டியும் சின்ன வயதில் போயிருப்பார். ஆண்டுக்கு 50 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது 1955-ல். எஃப்டலிங்கின் தேவதைக் கதைக் காடு அதற்கும் முன்னால், 1952 மே 31 அன்று, பத்துக் கதைகளோடு திறந்துவிட்டது.

அண்ணன் இங்கே வந்து ஏழெட்டு வருஷமாகிறது. சிப் தயாரிக்கும் மெஷின்களைச் செய்கிற ஏ.எஸ்.எம்.எல். பக்கத்து வெல்தோவனில் இருப்பதால் இந்த வட்டாரத்தில் தமிழ் இன்ஜினியர்களுக்குக் குறைவில்லை. காலையில் சூப்பர் மார்க்கெட்டில் தயிர் எடுக்கக் கை நீட்டினால், "அது புளிக்காதுங்க, இந்த டப்பாவை எடுங்க" என்று பின்னாலிருந்து கோயமுத்தூர்த் தமிழ் கேட்கிறது.

எஃப்டலிங்குக்கும் ஐந்தோவனுக்கும் ஒரு உறவு உண்டு என்று அண்ணன் சாப்பிடும்போது சொன்னான். 1951-ல் பிலிப்ஸ் கம்பெனியின் 60-ஆவது ஆண்டு விழாவுக்காக இந்த ஊரில் தற்காலிகமாக ஒரு கதைத் தோட்டம் போட்டார்கள். அதைச் செய்தவர் பீட்டர் ரெய்ண்டர்ஸ், சினிமா எடுப்பதிலும் இயந்திர வேலையிலும் ஆர்வம் கொண்ட மனிதர். எஃப்டலிங் இருக்கும் பகுதியின் மேயருக்கு மைத்துனரும்கூட. அதே மாதிரி ஒன்றை நிரந்தரமாக நம் காட்டிலும் வைத்தால் என்ன என்று யோசனை கிளம்பியது. ஓவியர் அன்டன் பீக் படம் வரைந்து கொடுக்க, ரெய்ண்டர்ஸ் அந்தப் பொம்மைகளை ஆட வைத்தார். மைத்துனர் உறவில் ஒரு காரியம் நடப்பது நமக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கதவு நிலையில் பிள்ளைகளை ஒட்டி நிறுத்தி அளந்தோம். அண்ணன் மகள் இனியா, ஐந்து வயது, 1.06 மீட்டர். என் மகன் கவின், ஏழு வயது, குதிகாலைத் தூக்காமல் நின்றால் 1.17. இந்த அளவை வைத்துத்தான் நாளைக்கு யார் எதில் ஏறலாம் என்பது முடிவாகும். மாக்ஸ் & மோரிட்ஸ் என்ற குடும்ப ரோலர் கோஸ்டருக்கு ஒரு மீட்டர் போதும். இரண்டு பேரும் பாஸ். ஜோரிஸும் டிராகனும் என்ற மர ரோலர் கோஸ்டருக்கு 1.10. இனியா அவுட். இருட்டுக்குள் ஓடும் ஃபோகல் ரொக்குக்கு 1.20. கவினும் அவுட். "ஷூ போட்டா சரியாயிடும்" என்று அவன் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான்.

"நான் பையெல்லாம் பாத்துக்கறேன், நீங்க ஏறிட்டு வாங்க" என்றார் அம்மா. யாரும் கேட்காமலேயே.

இது அவருடைய நிரந்தர உத்தியோகம். பிளாக் தண்டரில் ஆரம்பித்து எந்த பார்க் போனாலும் அம்மாவுக்கு ஒரு பெஞ்ச், சுற்றி ஈரத் துணிப் பைகள், மடியில் எல்லோருடைய செல்போன்களும். அறுபத்தாறு வயதாகிறது. பிரஷர் மாத்திரை தவிர வேறு தொந்தரவு இல்லை. நாளைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார விடக்கூடாது என்று நானும் அண்ணனும் பேசி வைத்திருக்கிறோம்.

செவ்வாய், காட்ஸ்ஹூவல்

எஃப்டலிங் இருக்கும் ஊர் காட்ஸ்ஹூவல், ஐந்தோவனில் இருந்து காரில் முக்கால் மணி நேரம். ரயிலில் வருகிறவர்கள் டில்பர்க் அல்லது டென் போஸ்சில் இறங்கி பஸ் பிடிக்கலாம், பஸ் வாசலிலேயே கொண்டுவந்து விடும். மழை இல்லை. 14 டிகிரி. அம்மா புடவை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் அண்ணியின் ஜெர்கின், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ.

நுழைவாயிலே பார்க்க வேண்டிய ஒன்று. ஊசி ஊசியாக வானத்தைக் குத்தும் கூரைகள், எல்லாம் நாணல் வேய்ந்தவை. 1996-ல் கட்டியிருக்கிறார்கள். கூரை வேய எத்தனை ஆள் வேலை செய்திருப்பார்கள், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணனுக்குப் பதில் தெரியவில்லை.

நேராக மாக்ஸ் & மோரிட்ஸுக்குத்தான் போனோம். காலையில் முதல் வேலையாக அதை முடித்துவிட வேண்டும் என்பது அண்ணியின் கணக்கு, பத்தரைக்கு மேல் க்யூ ஏறிவிடுமாம்.

அந்த இடத்தில் முன்பு பாப் என்றொரு ராட்டினம் இருந்தது. பனிச்சறுக்கு வண்டி மாதிரி, தண்டவாளமே இல்லாத வாய்க்காலில் வழுக்கிக்கொண்டு வரும். 1985-ல் வந்தது, 2019 செப்டம்பரில் மூடினார்கள். அண்ணனின் ஆபீஸில் டச்சுக்காரர்கள் இன்னமும் பாப்புக்காக வருத்தப்படுவார்களாம். அதை எடுத்துவிட்டு 2020 ஜூனில் மாக்ஸ் & மோரிட்ஸைத் திறந்தார்கள். கொரோனாவுக்கு நடுவில் திறந்ததால் ஊரைக் கூட்டி ஆரவாரம் செய்ய வழியில்லை. இங்கே அதை இன்னும் 'புதுசு' என்றுதான் சொல்கிறார்கள். 1952-ல் இருந்து இருக்கும் பார்க்கில் இதெல்லாம் நேற்று வந்த மாதிரிதான்.

வெளியே ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து மர வீடு போன்ற கட்டடம். பித்தளை வாத்தியங்களோடு திருவிழா இசை ஒலிக்கிறது, நின்ற இடத்திலேயே கால் தாளம் போடும். உள்ளே போனால் இரண்டு போக்கிரிப் பையன்களின் அட்டகாசம். ஒரு பக்கம் மாக்ஸின் வண்டி, மறுபக்கம் மோரிட்ஸின் வண்டி. தண்டவாளமும் தனித்தனி, பாதையும் வேறு வேறு. எந்தப் பக்கம் என்று நாம் முடிவு செய்ய வேண்டும். இனியா மாக்ஸ் என்றாள், அதனால் கவின் மோரிட்ஸ் என்றான்.

இந்த வண்டியின் சூட்சுமத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அம்மாவை ஏற்ற அதைத்தான் பயன்படுத்தினோம். வழக்கமான ரோலர் கோஸ்டரில் வண்டிக்கு எஞ்சின் கிடையாது. ஒரு சங்கிலி அதை டக் டக் என்று உச்சிக்கு இழுத்துப் போய் விட்டுவிடும், அப்புறம் எல்லாம் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். வயிறு தொண்டைக்கு வருவது அந்த முதல் பள்ளத்தில்தான். இதில் அந்தச் சங்கிலியே இல்லை. ரயிலிலேயே மோட்டார் இருக்கிறது. தண்டவாளத்தோடு கூடவே ஓடும் மின்பட்டையில் இருந்து கரண்ட் எடுத்துக்கொள்கிறது. அதனால் பெரிய உயரம் தேவையில்லை, மேட்டில் ஏறும்போதும் வேகம் குறையாது, எங்கே எவ்வளவு வேகம் என்பதை வெளியிலிருந்தே கட்டுப்படுத்தலாம். இன்னொரு லாபமும் உண்டு: ஒரு சுற்று முடிந்ததும் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை, நிறுத்தாமல் இன்னொரு சுற்றும் விடலாம். உச்ச வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். செய்தவர்கள் ஜெர்மனியின் வால்ட்கிர்ஹ் ஊரைச் சேர்ந்த மாக் கம்பெனி. 1780-ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த குடும்பம் அது.

"அம்மா, உங்க டிவிஎஸ் ஃபிஃப்டி வேகம்தாம்மா" என்றான் அண்ணன்.

"அதுல நான் முப்பதுக்கு மேல போனதே இல்லையே."

"ஆறு கிலோமீட்டர்தான் ஜாஸ்தி."

அம்மா கொஞ்ச நேரம் ரயில் போய் வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு டச்சுத் தாத்தா, எண்பது வயது இருக்கும், பேரனோடு இறங்கி வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் க்யூவின் வாலைத் தேடிப் போனார். நாங்கள் சொன்ன தொழில்நுட்பம் எதுவும் செய்யாததை அந்தத் தாத்தா செய்துவிட்டார். "சரி, பையை யாரு வச்சுக்கறது?" என்றார் அம்மா. பைகளை அண்ணி வாங்கிக்கொண்டார்.

புடவையோடு ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் இறுக்கிச் செருகி, மேலே ஜெர்கின் ஜிப்பைப் போட்டுவிடுங்கள். சால்வை, துப்பட்டா எதுவும் கழுத்தில் தொங்கக் கூடாது. ஊழியர் பெண் ஒருமுறை இழுத்துப் பார்த்துத் திருப்தியாகித் தலையாட்டினார். மடிமேல் கம்பி இறங்கியது. அம்மா பக்கத்தில் இனியா, அவர்களுக்குப் பின்னால் நான்.

கிளம்பியதுமே ஒரு இழுப்பு. வேகம் என்று சொல்ல முடியாது, ஆனால் பாதை தாழ்வாக, வளைந்து வளைந்து போவதால் 36 என்பது 60 மாதிரித் தெரிகிறது. மரமும் பாறையும் கைக்கெட்டும் தூரத்தில் பறக்கின்றன. வெட்டவெளியில் உயரத்தில் ஓடும் ரயிலில் இந்த உணர்வு வராது. தரையோடு ஒட்டி, ஒளிந்து ஒளிந்து ஓடுவதால்தான் வேகமாகத் தெரிகிறது. எதிர்ப் பக்கமிருந்து கவினும் அண்ணனும் இருந்த ரயில் திடீரென்று உரசுவது போல வந்து விலகியது. கவின் கத்தியது என் காதில் விழுவதற்குள் போய்விட்டான். அம்மா "முருகா" என்று ஆரம்பித்தார், அந்த வளைவு முடிவதற்குள் அது சிரிப்பாக மாறிவிட்டது. ஸ்டேஷனுக்குள் வந்ததும் முடிந்தது என்று நினைத்து அம்மா கம்பியைத் தள்ளப் பார்த்தார். ரயில் நிற்காமல் இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பியது. "இன்னொரு தடவையா!" என்று அவர் போட்ட கூச்சலில் முன் வரிசையே திரும்பிப் பார்த்தது.

எனக்கு இந்த இரண்டாவது சுற்றுதான் பிடித்தது. முதல் சுற்றில் பயந்தவர்கள் பயத்தை விட்டுவிடுகிறார்கள், எங்கே வளையும் என்று தெரிந்துவிடுவதால் முன்கூட்டியே சாய ஆரம்பிக்கிறார்கள். இனியா தன் அப்பத்தாவுக்கு "இப்ப லெஃப்ட்டு, இப்ப லெஃப்ட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஐந்து வயதுக் குழந்தை பெரியவருக்கு வழிகாட்டும் அளவுக்கு எளிதாகவும், பெரியவர் சலித்துப்போகாத அளவுக்கு விறுவிறுப்பாகவும் ஒரு பாதையைப் போடுவது சாதாரண வேலை இல்லை. உயரம் கூட்டி, தலைகீழாகச் சுற்றிப் பயமுறுத்துவது அதைவிடச் சுலபம் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சின்ன மனத்தாங்கல். மாக்ஸும் மோரிட்ஸும் வில்ஹெல்ம் புஷ் என்ற ஜெர்மானியர் 1865-ல் எழுதி வரைந்த கதையின் பையன்கள். ஏழு சேட்டைகள். விதவைக் கிழவியின் கோழிகளைக் கொல்வார்கள், பாலத்தை அறுத்து வைத்துத் தையல்காரரை ஓடையில் விழ வைப்பார்கள், வாத்தியாரின் புகைக்குழாயில் வெடிமருந்தை அடைப்பார்கள், மாமாவின் படுக்கையில் வண்டுகளை விடுவார்கள். கடைசியில் ஒரு விவசாயியிடம் மாட்டிக்கொள்கிறார்கள். அவர் இரண்டு பேரையும் மாவு மில்லுக்குத் தூக்கிப் போகிறார், மில்காரர் கொட்டி அரைத்துவிடுகிறார், அந்த மாவை வாத்துகள் தின்றுவிடுகின்றன. ஊரில் ஒருவரும் வருத்தப்படுவதில்லை. அப்படி ஒரு கதை. இங்கே மில்லைக் காணோம். சேட்டை மட்டும் இருக்கிறது, கூலி இல்லை. ஐந்து வயதுக் குழந்தைகள் ஏறும் வண்டியில் மில் எதற்கு என்று அண்ணி கேட்டார். நியாயம்தான். ஆனால் மத்தியானம் பார்த்ததை எழுதியதும் நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரியும்.

அதற்கு முன் சாப்பாடு. உள்ளே சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. நம் ஊர் பார்க் வாசல்களில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்லும் அனுபவம் இருப்பதால் அம்மா தக்காளி சாதத்தைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார், யாரும் சீண்டவில்லை. மர பெஞ்சில் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்து மேசையில் டச்சுப் பிள்ளைகள் பிரெட்டில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லேட் தூளைக் கொட்டி மதிய உணவாகச் சாப்பிட்டன, கவின் தன் தட்டையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். சைவக்காரர்களுக்கு உள்ளே உருளைக்கிழங்கு ஃப்ரைஸும் போஃபர்ட்ஜஸும் துணை. போஃபர்ட்ஜஸ் என்பது நம் குழிப்பணியாரம்தான், மேலே சர்க்கரைப் பொடியும் வெண்ணெயும். கல்லில் குழி சின்னது, திருப்புவது கம்பிக்குப் பதில் முள்கரண்டி.

மத்தியானம் முழுக்க கதைக் காடு. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். லாங்நெக் என்ற நெடுங்கழுத்தன் உட்கார்ந்த இடத்தில் இருந்தே கழுத்தை மட்டும் மரக்கிளை உயரத்துக்கு நீட்டுகிறான். குப்பைத் தொட்டியெல்லாம் வாயைத் திறந்த குண்டு மனிதன், பேர் ஹொல்ல பொல்ல ஹைஸ். "பபீர் ஹியர்!" என்று காகிதத்துக்குக் கெஞ்சுவான், போட்டால் உள்ளே உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்வான். 1950-களின் கடைசியில் கண்டுபிடித்த தந்திரம், இன்றும் வேலை செய்கிறது. இனியாவும் கவினும் அடுத்தவர் போட்ட குப்பையைத் தேடிப் பொறுக்கினார்கள். வீட்டில் தின்ற தட்டை எடுத்து வைக்காத பிள்ளைகள்.

தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை 2004-ல் சேர்த்தது. பனியில் அந்தப் பெண் செத்துப்போகிறாள், அவளுடைய பாட்டி வந்து மேலே அழைத்துக்கொண்டு போகிறாள். காட்சியை மாற்றவில்லை, மழுப்பவில்லை. சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள், குழந்தைகள் அசையாமல் நின்று பார்த்தார்கள். மாவு மில்லைப் பற்றி நான் சொன்னது இதனால்தான். இந்தக் காட்டில் சாவைக் காட்டத் தைரியம் இருக்கிறவர்கள் அந்த ரயிலில் மட்டும் ஏன் கூச்சப்பட்டார்கள்? கடைசி வளைவில் ஒரு மில், ரெண்டு வாத்து. அது போதுமே.

இருட்டும் முன் கடைசியாக இந்திய அல்லிகள். பாறைக் குகைக்குள் ஒரு குளம். 1966-ல் திறந்தது, கதையை எழுதியவர் பெல்ஜியத்தின் ராணி ஃபபியோலா. சூனியக்காரி ஒருத்தி பெண்களை அல்லிப் பூக்களாக மாற்றிவிடுகிறாள், இரவில் மட்டும் அவர்கள் பூவுக்குள் இருந்து எழுந்து ஆடலாம். தவளைகள் வாத்தியம் வாசிக்கின்றன. இந்தியா என்ற பேரில் ஐரோப்பியர் மனதில் என்னென்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள நல்ல இடம். நான் அதைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இருந்த சந்தேகம் வேறு: "அல்லி ராத்திரிதான பூக்கும்? நிலாவப் பாத்துதான பூக்கும்? இதுல சாபம் எங்கிருந்து வந்துச்சு?"

ராணியிடம் இதைக் கேட்க வழியில்லை.

புதன், அதே இடம்

பக்கத்திலேயே காட்டை ஒட்டி எஃப்டலிங்கின் தங்குமிடங்கள் இருக்கின்றன, ராத்திரி அங்கேதான். காலையிலிருந்து மழை. டச்சுக்காரர்கள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காதது போல வருகிறார்கள், நாங்களும் வந்தோம்.

மழைக்கு ஏற்றது ட்ரோம்ஃப்ளுக்ட், கனவுப் பறப்பு. 1993-ல் இருந்து ஓடுகிறது. மேலே தொங்கும் தண்டவாளத்தில் நம் வண்டி மிதந்து போக, கீழே காடு, கோட்டை, தேவதைகள். கடைசியில் சுழன்று சுழன்று இறங்கும்போது கொஞ்சம் வேகம் பிடிக்கும். நேற்றைய ரயிலுக்கு முன்னால் இதைக் காட்டியிருந்தால் அம்மா இதுவே போதும் என்றிருப்பார். இப்போது, "நல்லாத்தான் இருக்கு, ஆனா மெதுவா இருக்கு" என்றார். ஒரே நாளில் ஆள் மாறிவிட்டார்.

மழை விட்டதும் ஜோரிஸும் டிராகனும். 2010-ல் வந்த மர ரோலர் கோஸ்டர். நெருப்பு, தண்ணீர் என்று இரண்டு அணி, இரண்டு ரயில், ஒரே நேரத்தில் கிளம்பிப் போட்டி போடும். வேகம் 75-ஐத் தொடும். மரச் சட்டங்கள் அதிர்வதை முதுகெலும்பில் உணரலாம், இரும்பில் அது வராது. கவினும் நானும் நெருப்பு, அண்ணன் தண்ணீர். நாங்கள் ஜெயித்தோம். கவின் இறங்கி வந்து அரை மணி நேரம் இதைத் தவிர வேறு பேசவில்லை. அருமையான ரோலர் கோஸ்டர், சந்தேகமே இல்லை. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் அண்ணியும் அம்மாவும் நான்கு சென்டிமீட்டர் குறைவாக இருந்த இனியாவும் நின்றிருந்தார்கள். இனியா அழவில்லை. வாயை மட்டும் கோணிக்கொண்டு, "அடுத்த வருஷம் நான் தண்ணி டீம்" என்றாள்.  இந்த இரண்டு ரோலர் கோஸ்டரில் எங்கள் ஆறு பேரில் யாரையும் வெளியே நிறுத்தாதது மாக்ஸ் & மோரிட்ஸ்தான்.

டான்ஸ் மகாப்ர் பார்க்காமல் வரக்கூடாது என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான். இதுதான் இங்கே பெரிய புதுவரவு, 2024 அக்டோபர் 31 அன்று திறந்தது. முன்பு அந்தப் பக்கத்தில் 1978-ல் கட்டிய பேய் மாளிகை ஒன்று இருந்ததாம், 2022-ல் மூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு உயரம் போதாது, அதனால் நானும் அண்ணனும் முதலில் போய்விட்டு வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, அப்புறம் அண்ணி போனார். இப்படி முறை மாற்றிக்கொள்கிறவர்கள் இரண்டாவது முறை முழு க்யூவில் நிற்க வேண்டாம், ஊழியரிடம் முன்கூட்டிச் சொன்னால் போதும். உள்ளே சிதைந்த தேவாலயம் ஒன்று. பாடகர் குழு உட்காரும் மர இருக்கைகளில் நாம் உட்காருகிறோம். தளம் 18 மீட்டர் அகலமான வட்டம். அது சுற்றும், சாயும், அதற்குள் ஆறு பிரிவாக இருக்கும் இருக்கைகளும் தனித்தனியாகத் திரும்பும். இசை பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸுடையது, 1874-ல் எழுதியது. பயம் என்பதைவிட கம்பீரம் என்று சொல்லலாம். அண்ணி வெளியே வந்து, "தலை சுத்துது, ஆனா இன்னொரு தடவை போகலாம்" என்றார்.

அம்மா போகவில்லை. பயத்தால் இல்லை. எங்களுக்காகக் காத்திருந்த நேரத்தில் இனியாவைக் கூட்டிக்கொண்டு மாக்ஸ் & மோரிட்ஸுக்குப் போய்விட்டார். போன் செய்தால் எடுக்கவில்லை, மழை நாளில் க்யூ இல்லாததால் இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்களாம். மோரிட்ஸ் பக்கம்தான் வளைவு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். நான் இரண்டிலும் பெரிய வித்தியாசம் காணவில்லை, வாதாடவும் இல்லை.

ஏறும்போது ஒன்றைக் கவனியுங்கள் என்று அம்மாவே கற்றுக்கொண்டு எனக்குச் சொன்னார். வளைவில் ஆள் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுவார். குழந்தை வெளிப்பக்கம் இருந்தால் பெரியவரின் பாரம் முழுக்க அதன்மேல் விழும். காலை நன்றாக ஊன்றி, கம்பியைப் பிடித்து, நம் பாரத்தை நாமே தாங்கிக்கொள்ள வேண்டும். சின்ன உடம்பு நசுங்காது.

வியாழன், மணல்மேடு

டிக்கெட் நேற்றோடு முடிந்தது. கிளம்பும் வழியில் பக்கத்திலேயே இருக்கும் லோன்ஸ-ட்ருனன்ஸ மணல்மேடுகளில் இறங்கினோம். கடலே இல்லாத இடத்தில் பைன் காட்டுக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல். 2002-ல் இருந்து தேசியப் பூங்கா. எஃப்டலிங்கும் இதே மணல் காட்டின் விளிம்பில்தான் வளர்ந்தது. 1930-களில் இரண்டு பாதிரியார்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள் விளையாட இங்கே ஒரு மைதானம் போட்டார்கள், அதுதான் வித்து. இன்றும் எஃப்டலிங்குக்கு முதலாளி என்று தனி ஆள் கிடையாது, ஒரு அறக்கட்டளையின் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் மணலில் ஏறி உருண்டார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, உயரக் கட்டுப்பாடும் இல்லை.

கோவையில் இருந்து ஒரு தோழி, இதற்காக மெனக்கெட்டு நெதர்லாந்து வரலாமா என்று கேட்டாள். இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். இந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தாலோ, ஆம்ஸ்டர்டாம் வந்தாலோ ஒரு நாள் ஒதுக்கலாம், பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் இரண்டு நாள். விலை நாளுக்கு நாள் மாறும், முன்கூட்டி வாங்குங்கள். டச்சுப் பள்ளி விடுமுறை இல்லாத வாரமாகப் பார்த்து, செவ்வாய், புதனில் வாருங்கள். மழைக்கோட்டு கட்டாயம், குடை உதவாது.

காரில் திரும்பும்போது அம்மா பொள்ளாச்சியில் இருக்கும் சித்தியிடம் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டு வந்தார். ரயிலின் வேகம் சோமனூர் பஸ் வேகம் என்று ஆரம்பித்து, வெல்தோவன் வருவதற்குள் நூறைத் தாண்டிவிட்டது. தலைகீழாகச் சுற்றியதா என்று சித்தி கேட்டார். அம்மா ஒரு நொடி எங்களைப் பார்த்தார்.

"லேசா," என்றார்.